அட்டை

ஒட்டும்போதே பேர் வைத்துவிட்டார்கள்:
அட்டை.
என் தாளில் அதற்குப்
பன்னிரண்டு சொல்லில் ஒரு பெயர் இருந்தது.
கிலன்ரோத் தோட்டம் நாலாம் நம்பர் மலையில்
அந்தப் பெயர் செல்லவில்லை.

பேராதனையிலிருந்து ஐஸ் பெட்டியை
மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.
நாவலப்பிட்டியில் ஏறியவர்
மீனா பிள்ளை என்று கேட்டார்.
நொதியம் என்றேன்.
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

தோலோடு ஒட்டும் ஒரு மின்கலம்.
முழங்கால் ஏற்றம் ஏறும்போது
தசை கசியவிடும் லாக்டேட்
வியர்வையோடு வந்து சேரும்.
நொதியம் அதைப் பிடித்து
இரண்டு இலத்திரன்களைக் கழற்றும்.
மறு முனையில் ஒட்சிசன் காத்திருக்கும்,
வாங்கித் தண்ணீராகும்.
இடையில் ஓடுவதுதான் மின்சாரம்.
கொஞ்சம்.
ஒரு எண்ணை என் போனுக்கு அனுப்பப்
போதுமான கொஞ்சம்.

தொழிற்சாலையில் கொழுந்தைக் கறுக்கவைப்பதும்
நொதியம்தான் என்று சொல்லிப்பார்த்தேன்.
"அப்ப எங்களையும் வறுப்பாங்களா?" என்றாள் பாக்கியஜோதி.
நிரை முழுக்கச் சிரித்தது.

ஏழாவது அட்டை கமலவேணிக்கு,
இடது மேற்கையில்,
கூடைக் கயிறு உரசாத இடமாகப் பார்த்து.
"நான் வேல செஞ்சாத்தான் இதுக்கு உசிரா?"
"ஆமா அக்கா."
"சும்மா நின்னா?"
"நின்னுடும்."
"அப்ப இது தொரை பக்கத்து ஆளு."

எட்டு மணிக்குக் கோடு எழுந்தது.
ஒன்பதரைக்குச் சரிவில் அவள் ஏற ஏற
அதுவும் ஏறியது.
எனக்குக் கை நடுங்கியது, மகிழ்ச்சியில்.
மூன்று வருடம் ஆய்வுகூடத்தில்
சைக்கிள் மிதித்த மாணவர்களின் வியர்வையைத் தவிர
வேறெதையும் குடித்திராத நொதியம்.

பதினொன்றுக்கு மூடுபனி இறங்கியது.
அடுத்த நிரை தெரியவில்லை.
தோல் காய்ந்து குளிர்ந்தது.
கோடு விழுந்தது, தட்டையாகக் கிடந்தது,
ஆளே இல்லை என்பதுபோல்.
ஆனால் எனக்குக் கேட்டது:
பனிக்குள் எங்கோ
நுள் நுள் என்று கொழுந்து ஒடியும் சத்தம்.
அவள் இருமும் சத்தம்.
மறுபடி ஒடியும் சத்தம்.

நிறுவைக்கு வந்தபோது
துரை என் தோளுக்குப் பின்னால் நின்றார்.
இங்கிதமான மனிதர், எனக்குத் தேத்தண்ணி வரவழைத்தவர்.
"பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை
இந்த ஏழு என்ன செய்தது?"

ஏழு அப்போது தராசில்
கூடையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.
பத்தொன்பதரை.
கொழுந்தில் ஈரம் என்று ரெண்டு கிலோ கழித்தார்
கணக்கப்பிள்ளை.
பதினேழரை. பதினெட்டு இல்லை.
அரைப் பேர்.

இலையில் ஈரம் இருந்ததால் ரெண்டு கிலோ போனது.
தோலில் ஈரம் இல்லாததால் அரை மணி போனது.
ஒரே பனி.

நெறிமுறைக் குழு, இரகசியம், பெயரற்ற தரவு
என்றெல்லாம் நான் பேசியிருக்க வேண்டும்.
"சார்ஜ் முடிஞ்சிருச்சு சேர்" என்று
போனைப் பைக்குள் போட்டேன்.

அட்டையை உரித்தபோது
அதன் ஓரத்திலேயே நிஜ அட்டை ஒன்று,
திராட்சைபோல்.
சவர்க்காரக் கட்டியால் ஒரு தடவு, விழுந்தது.
இரத்தம் நிற்கவில்லை.
"ஒங்க அட்டைய விட இது பரவால்ல,
வயிறு நெறஞ்சா விட்டுரும்" என்றாள்.
பிறகு, படங்கை அவிழ்த்துக்கொண்டே:
"அந்தக் கோட்டை எனக்கொரு தாள்ல போட்டுத் தா.
பனி வந்த எடத்துல
பனின்னு எழுதிக் குடு."

ஒப்புதல் படிவத்தைப் புரட்டினேன்.
மாரிமுத்து கமலவேணி.
முழுப் பேர். அழுத்தி எழுதியதில்
அடுத்த தாளிலும் பதிந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பெட்டி இலேசாக இருந்தது.
ஐஸ் உருகி, நொதியமும் ஓய்ந்திருக்கும்;
ஒரு நாள்தான் அதற்கு ஆயுசு.
ஏழாம் எண்ணுக்கு எதிரே, அரை மணி இடைவெளியில்,
'கருவிக் கோளாறு' என்றுதான் எழுத வேண்டும்.
பனி என்று எழுதினேன்.

கினிகத்தேனை வளைவில் கணுக்கால் அரித்தது.
காலுறையை இறக்கினேன்.
அங்கிருந்தே கூட வந்திருக்கிறது,
படிவம் இல்லாமல்,
கொழுத்து.